எரிமலை பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் 31 ஆண்டுகள் நிலவியல் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு பள்ளிகளுக்குப் போய்ப் பேசுகிறேன். எந்தப் பாடத்தைப் பேசப் போனாலும் கடைசியில் பிள்ளைகள் எரிமலையில்தான் வந்து நிற்பார்கள். எனக்கும் அது பிடிக்கும் என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

1980 மே மாதம், பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் மலையின் ஒரு பக்கமே சரிந்து வெடித்த செய்தி பேப்பரில் வந்தது. அந்தப் படத்தைக் கத்தரித்து டிரங்குப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டினேன். அந்தத் தாள் பழுத்துவிட்டது, பெட்டி இன்னும் இருக்கிறது. இந்தத் தொகுப்பில் கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன்.

மிஸ், மலைக்குள்ள நெருப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்குமா?

எரிவதில்லை. விறகு எரிய வேண்டுமானால் காற்று வேண்டும், மலைக்குள் அப்படி எதுவும் நடக்கவில்லை. அங்கே இருப்பது உருகிய பாறை. பழுக்கக் காய்ச்சிய இரும்பு எரியாமலே சிவந்து ஒளிர்கிறதே, அதே மாதிரி அதுவும் சூட்டால் ஒளிர்கிறது. நிலத்துக்கு அடியில் இருக்கும்வரை அதற்கு மாக்மா என்று பெயர், வெளியே வந்துவிட்டால் லாவா.

ஹவாய்த் தீவுகளில் வழியும் லாவா சுமார் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் சூடு. தங்கம் 1,064 டிகிரியில் உருகிவிடும். கழுத்துச் சங்கிலி அதில் விழுந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அப்படின்னா பூமிக்குள்ள முழுக்கக் குழம்புதானா?

இந்தத் தப்பு பாடப்புத்தகப் படங்களால் வருவது. மேலே மெல்லிய ஓடு, கீழே முழுக்கச் சிவப்புக் குழம்பு என்று வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் ஓட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை இருக்கும் மேன்டில் பெரும்பாலும் திடப்பாறை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மிக மெதுவாக நகரும், ஆனாலும் பாறைதான். அதற்கும் கீழே வெளிக்கருவில் திரவம் உண்டு. அது உருகிய இரும்பும் நிக்கலும், எரிமலைக்கு வருவது அதுவல்ல.

அவ்வளவு சூட்டிலும் மேன்டில் ஏன் உருகவில்லை? அழுத்தம் உருக விடுவதில்லை. குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சூடான பாறை மேலே எழும்பி அழுத்தம் குறைந்தால், சூடு கூடாமலே கொஞ்சம் உருகும். ஐஸ்லாந்திலும் ஹவாயிலும் நடப்பது இதுதான்.

இன்னொரு வழி தண்ணீர். நகை ஆசாரி உருக்கும்போது வெண்காரம் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூமியின் ஓடு 'தட்டு' எனப்படும் பெரிய பெரிய துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. கடலடித் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் புதையும்போது தன்னோடு கொண்டுபோகும் நீர், மேலே உள்ள பாறைக்கு ஏறக்குறைய அந்த வேலையைச் செய்கிறது. வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பாறை உருகத் தொடங்குகிறது. இந்தோனேசியா, ஜப்பான், பிலிப்பைன்ஸ், அந்தமான் எரிமலைகள் எல்லாம் இந்த வகை.

சில எரிமலை அமைதியா வழியுது, சிலது ஏன் அப்படி வெடிக்குது?

இதற்கு நான் எப்போதும் அடுப்படிக்குத்தான் போவேன். வெல்லப்பாகு இளம்பதத்தில் இருக்கும்போது குமிழி வரும், உடையும், போய்விடும். பாகு முறுகிவிட்டால் குமிழி உள்ளே மாட்டிக்கொண்டு 'டப்' என்று தெறிக்கும். அதிரசத்துக்குப் பாகு கிளறியவர்கள் கையில் அந்தத் தழும்பு இருக்கும், என் கையிலும் இருக்கிறது. மாக்மாவில் பதத்தைத் தீர்மானிப்பது முக்கியமாகச் சிலிக்கா, மணலில் மிகுந்திருக்கும் அதே பொருள். எடையில் ஏறக்குறைய பாதி சிலிக்கா என்றால் இளம்பாகு, அது பசால்ட். 70 சதவீதத்தை ஒட்டி இருந்தால் முறுகிய பாகு, அது ரையோலைட்.

அடுத்தது வாயு. கோலி சோடாவில் கோலியைத் தட்டும்வரை குமிழி தெரியாது. தட்டியவுடன் பொங்கும். மாக்மாவில் கரைந்திருக்கும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் மேலே வர வர அப்படித்தான் பிரிகின்றன. இளம்பாகில் அவை தப்பித்துப் போய்விடும். முறுகிய பாகில் தப்ப முடியாமல் பாறையையே நுரையாக்கிப் பொடியாக்கி வெளியேறும்.

அந்த நுரை உறைந்ததுதான் பியூமிஸ் என்ற நுரைக்கல். என் மேஜையில் ஒன்று உண்டு, எலுமிச்சம்பழ அளவு. தம்ளர் தண்ணீரில் போட்டால் மிதக்கும். கல் மிதப்பதைப் பார்த்த பிறகு வாயுவைப் பற்றி நான் அதிகம் பேச வேண்டியிருப்பதில்லை.

லாவா வந்தா ஓடித் தப்பிக்க முடியாதாமே?

பல நேரங்களில் நடந்தே தப்பிக்கலாம். வீடு, தோட்டம், சாலை எல்லாவற்றையும் லாவா அழித்துவிடும். ஆனால் எரிமலைச் சாவுகளில் லாவா ஓட்டத்தின் பங்கு மிகக் குறைவு. கொல்வது வேறு.

முதலாவது, சூடான வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்து மலைச்சரிவில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் இறங்கும் எரிமுகில். 1902 மே 8 அன்று கரீபியன் கடலின் மார்த்தினிக் தீவில் பெலே மலையிலிருந்து இறங்கிய எரிமுகில் சில நிமிடங்களில் சேன்-பியேர் நகரத்தையே முடித்துவிட்டது. ஏறக்குறைய 28,000 பேர். இரண்டாவது, சேறு. 1985 நவம்பர் 13 இரவு கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தபோது உச்சியில் இருந்த பனி உருகி, சாம்பலோடு சேர்ந்து ஆற்றுப் பள்ளங்களில் இறங்கியது. அர்மேரோ ஊரை அது அடைய சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த இரண்டரை மணி நேரத்தில் மேட்டுக்கு ஏறியிருக்கலாம். சேறு எங்கெல்லாம் வரும் என்று காட்டும் வரைபடம் ஒரு மாதம் முன்பே தயாராகியிருந்தது. 23,000 பேர் இறந்துபோனார்கள். நான் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்த வருடம் அது. எரிமலையின் அழகில் மயங்கிக் கிடந்த எனக்கு அதற்குப் பிறகு அதை வெறும் அழகாகப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது, வாயு. 1986 ஆகஸ்டில் கேமரூனின் நியோஸ் ஏரியிலிருந்து, வெடிப்பு எதுவும் இல்லாமலே, கார்பன் டை ஆக்சைடு கிளம்பிப் பள்ளத்தாக்கில் இறங்கித் தூங்கிக்கொண்டிருந்த சுமார் 1,700 பேரை மூச்சடைத்துக் கொன்றது. சாம்பலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது விறகுச் சாம்பல் மாதிரி பஞ்சு கிடையாது, பொடியான பாறையும் கண்ணாடியும். நனைந்தால் கூரை தாங்காது.

இந்தியாவுல எரிமலை இருக்கா?

இருக்கிறது. அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் பாரன் தீவு. அதன் வெடிப்பு 1787-இல் முதன்முறையாகப் பதிவானது. 19-ஆம் நூற்றாண்டில் அடங்கி, 1991-இல் மறுபடி விழித்தது. அதன் பிறகு பல தடவை சாம்பலும் லாவாவும் கக்கியிருக்கிறது. கடலுக்கு மேல் தெரியும் உயரம் 350 மீட்டரை ஒட்டித்தான், மலையின் பெரும்பகுதி கடலுக்குள் 2,000 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. ஊர் இல்லை, மக்கள் இல்லை. காட்டாடுகள் மட்டும் உண்டு.

அதற்கு வடக்கே நார்கொண்டம் தீவும் எரிமலைதான், இப்போது உறக்கத்தில் இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாச்சிப் பறவை அங்கே வாழ்கிறது. பாரடாங் தீவில் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டப்படும் 'சேற்று எரிமலை' இந்தக் கணக்கில் வராது. அங்கே வாயு சேற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது, உருகிய பாறை இல்லை.

திருவண்ணாமலை ஒரு காலத்துல எரிமலைன்னு சொல்றாங்களே?

அக்னித் தலம் என்பதால் இந்த நம்பிக்கை பரவியிருக்கிறது. கார்த்திகை தீபத்தன்று அந்த மலை எனக்கும் கண்ணில் நீர் வரவழைக்கும். ஆனால் அது எரிமலை அல்ல. பூமியின் ஆழத்தில் உருவான மிகப் பழைய படிகப் பாறை அது. மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போக, இன்று வெளியே நிற்கிறது. ஊட்டி, ஏற்காடு, கொல்லிமலை பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தா நகரத்துக்கு அடியெடுத்துக் கொடுத்தவராகச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜோப் சார்னாக்கின் அங்குள்ள கல்லறையில் இருப்பது நம் சென்னைப் பக்கத்துக் கல். அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். அம்மி, ஆட்டுக்கல் என்று நாம் தொட்டுப் பழகிய கல் பெரும்பாலும் இந்த வகையும் அதன் உறவுகளும்.

திருப்பத்தூர் மாவட்டத்துச் சேவத்தூரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே கார்பனடைட் கிடைக்கிறது, சுண்ணாம்புச் சத்து மிகுந்த மாக்மா உறைந்த அபூர்வப் பாறை. இன்றைய உலகில் கார்பனடைட் லாவாவைக் கக்கும் எரிமலை ஒன்றே ஒன்றுதான், தான்சானியாவின் ஓல் தோயின்யோ லெங்காய். அதன் லாவா கறுப்பாக, எண்ணெய் மாதிரி ஓடி, காய்ந்ததும் வெளுத்துவிடும்.

கரண்ட் கம்பம் பக்கத்துல மண் உருகி கண்ணாடி மாதிரி கிடந்துச்சு. அது எரிமலையா?

மின்கசிவு. உயரழுத்த மின்சாரம் தரையில் பாய்ந்தால் மண் உருகிக் கறுப்புக் கண்ணாடியாக உறையும். கிட்டே போகாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டுல இல்லைன்னா பக்கத்துல எங்கே எரிமலைக் கல்லைப் பார்க்கலாம்?

ரயிலில் மும்பைக்குப் போங்கள். புனேயைத் தாண்டி மலை இறங்கும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். மலைகள் படிப்படியாகத் தெரியும். லாவா ஓட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததால் வந்த படிகள் அவை. தக்காண லாவாப் படிவுக்கு 'டெக்கான் டிராப்ஸ்' என்று பெயர், டிராப் என்ற சொல்லுக்கு ஸ்வீடிஷ் மொழியில் படிக்கட்டு என்று பொருள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து வழிந்தது. இன்று மிஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர், சில இடங்களில் 2,000 மீட்டர் தடிமன். அஜந்தாவும் எல்லோராவும் இந்தப் பாறையில் குடைந்தவை. ஆந்திராவின் ராஜமுந்திரி வரைக்கும் லாவா ஓடி வந்திருக்கிறது.

அந்த லாவாவைத் தந்த வெப்பமையம், அதாவது ஆழத்திலிருந்து சூடான பாறை தொடர்ந்து எழும்பும் இடம், இன்னும் அணையவில்லை. இந்தியத் தட்டு அதன்மேல் கடந்து வடக்கே வந்துவிட்டது. அது இன்று இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் என்ற எரிமலையாக அடிக்கடி பொங்குகிறது. அந்தத் தீவுக்கு 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே தீமிதி நடத்துகிறார்கள். 1977-இல் லாவா ஓர் ஊருக்குள் இறங்கி, தேவாலயத்தின் வாசலில் பிரிந்து இரு பக்கமும் ஓடி நின்றது. இந்தத் தீவைப் பற்றி வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் என் குரல் மாறிவிடும் என்று மாணவிகள் சொல்வார்கள்.

டைனோசர் அழிஞ்சது அதனாலதானா?

காலம் பொருந்துகிறது. ஆனால் மெக்சிகோவின் சிக்சுலூப்பில் விண்கல் விழுந்ததும் அதே 6.6 கோடி ஆண்டுக் கணக்கில்தான். முக்கியக் காரணம் விண்கல் என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து, என் கருத்தும் அதுவே. தக்காண லாவாவோடு வந்த வாயுக்கள் எவ்வளவு பங்கு வகித்தன என்ற வாதம் தொடர்கிறது.

2004 சுனாமி எரிமலையாலயா வந்துச்சு?

அது நிலநடுக்கத்தால் வந்தது, சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில். நான் மேலே சொன்ன 'புதையும் தட்டு' வழுக்கியதால். ஆனால் எரிமலையாலும் சுனாமி வரும். 1883 ஆகஸ்ட் 27 காலையில் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே இருந்த கிரகடோவா வெடித்தபோது 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலோர் அலையால். வெடித்த சத்தம் சுமார் 4,800 கிலோமீட்டருக்கு அப்பால் ரோட்ரிகஸ் தீவில் பீரங்கிச் சத்தம்போலக் கேட்டது. அந்த அலையை நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகக் கடல்மட்டக் கருவிகள் சிறிய ஏற்ற இறக்கமாகப் பதிவு செய்தன. நாகையில் பேசப் போகும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் வந்ததில்லை.

இதைவிடப் பெருசா ஏதாவது வெடிச்சிருக்கா?

சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் தோபா. அந்த வெடிப்பில் உண்டான பள்ளம் இன்று 100 கிலோமீட்டர் நீள ஏரி. அதன் சாம்பல் இந்தியா முழுக்க விழுந்தது. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் அடுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அதற்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. சாம்பல் விழுவதற்கு முன்பும் மனிதர்கள் அங்கே இருந்தார்கள், பின்பும் இருந்தார்கள்.

எப்ப வெடிக்கும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா?

நாள் குறித்துச் சொல்ல முடியாது. ஆனால் நிலநடுக்கத்தைவிட எரிமலை அதிகம் பேசும். மாக்மா ஏறும்போது சின்னச் சின்ன அதிர்வுகள் கூடும், மலை லேசாக உப்பும், கந்தக டை ஆக்சைடின் அளவு மாறும். இதையெல்லாம் அளக்க ஆளும் கருவியும் அங்கே இருக்க வேண்டும்.

பிலிப்பைன்ஸின் பினாடூபோ சுமார் 500 ஆண்டுகள் தூங்கிய மலை. அதை எரிமலை என்று சுற்றுப்புற மக்களில் பலர் நம்பவேயில்லை. 1991 ஏப்ரலில் நீராவி கிளம்பியதும் பிலிப்பைன்ஸ் எரிமலையியல் நிறுவனத்தாரும் அமெரிக்க நிலவியலாளர்களும் கருவிகளோடு போய் உட்கார்ந்தார்கள். மக்களுக்கு எப்படிப் புரியவைப்பது? பிரெஞ்சுத் தம்பதி மொரீஸ் கிராஃப்டும் காத்தியா கிராஃப்டும் வாழ்நாளெல்லாம் எரிமலைகளுக்கு மிக அருகில் போய்ப் படம் எடுத்தவர்கள். எரிமுகிலும் சேறும் என்ன செய்யும் என்று காட்டும் அவர்களுடைய வீடியோ அதிகாரிகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் போட்டுக் காட்டப்பட்டது. பார்த்தவர்கள் கிளம்பினார்கள். ஜூன் 15-இல் மலை வெடித்தது. அன்றே புயலும் வந்து சாம்பலை நனைத்ததால் கூரைகள் சரிந்து பலநூறு பேர் இறந்தார்கள். ஆனாலும் குறைந்தது 5,000 உயிர்கள் தப்பின என்பது கணக்கு.

அந்த வெற்றியைப் பார்க்க கிராஃப்ட் தம்பதி இல்லை. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஜூன் 3 அன்று, ஜப்பானின் உன்சென் எரிமலையில் எரிமுகில் அவர்களையும் சேர்த்து 43 பேரைக் கொண்டுபோனது. அர்மேரோவையும் பினாடூபோவையும் நான் எப்போதும் ஒரே வகுப்பில், அடுத்தடுத்து நடத்துவேன்.

தண்ணி ஊத்தி அணைக்க முடியாதா?

மலையின் வாயில் ஊற்றி அணைக்க முடியாது. இரண்டாம் கேள்விக்கு நான் சொன்ன குக்கரை நினைத்துப் பாருங்கள், வாய் உறைந்து அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடும், அதுதான் ஆபத்து. ஆனால் ஓடும் லாவாவைத் திருப்பியிருக்கிறார்கள். 1973-இல் ஐஸ்லாந்தின் ஹேமாய் தீவில் மீன்பிடித் துறைமுகத்தை லாவா மூடப் பார்த்தது. மாதக்கணக்கில் கடல்நீரைப் பீய்ச்சி அதன் முகப்பை உறையவைத்தார்கள். துறைமுகம் பிழைத்தது.

வடவாமுகாக்கினின்னு நம்ம நூல்கள்ல வருதே, அது கடலடி எரிமலைதானே?

தமிழாசிரியர்கள் கேட்கும் கேள்வி இது. கடலுக்கு அடியில் பெண்குதிரை முகத்தோடு எரிந்து, கடல் பொங்காமல் காத்து, ஊழியில் வெளிப்படும் தீ என்பது புராணக் கருத்து. எரிமலையைப் பார்த்து எழுதிய குறிப்பு என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் கடலடியில் உண்மையிலேயே மலைத்தொடர் நீளத்துக்குப் பாறை உருகி வந்துகொண்டுதான் இருக்கிறது, பூமியின் லாவாவில் பெரும்பகுதி அங்கேதான் வெளிவருகிறது. அந்தச் சொல்லை நான் விரும்புகிறேன், சான்றாக மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா மேடம்?

ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு முறை, ஜாவாவின் புரோமோவை. லாவா பார்க்கவில்லை. விடிவதற்கு முன் கறுப்பு மணல்வெளியைக் கடந்து, படி ஏறி, விளிம்பில் நின்றேன். அங்கே ஒரு பிள்ளையார் சிலை இருக்கிறது, தோளெல்லாம் சாம்பல். அந்தப் பகுதியில் வாழும் டெங்கர் மக்கள் கசாதா விழாவில் காய்கறி, கோழி, பணம் எல்லாவற்றையும் அந்த வாய்க்குள் காணிக்கையாக எறிவார்கள்.

எனக்கு நினைவில் நிற்பது சத்தம். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ஒரு நொடி 'ஸ்ஸ்' என்று வருமே, அது நிற்காமல், அடிவயிற்றில் கேட்கும்படி. 31 ஆண்டுகள் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு 'வாயு வெளியேறுகிறது' என்று எழுதியவள் நான். பிள்ளையார் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதைக் கேட்டேன்.

இதைப் படிக்கணும்னா எங்கே சேரணும்? பொண்ணுங்க போகலாமா?

சென்னை மாநிலக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றில் நிலவியல் துறை உண்டு. எம்.எஸ்சி. முடித்து யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதினால் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்குப் போகலாம். நான் படித்தபோது களப்பயணத்துக்குப் பெண்களை அழைத்துப்போகத் தயங்கிய ஆசிரியர் இருந்தார். அழுது, சண்டை போட்டு, புனே பயணத்துக்குப் போனேன். அங்கே எடுத்த, குமிழிக்குள் வெள்ளை சியோலைட் படிகம் வளர்ந்த பசால்ட் துண்டைத்தான் பின்னாளில் எல்லா வகுப்பிலும் கைக்குக் கை கொடுத்தேன். போங்கள்.

எங்க காட்டுல ஓட்டை ஓட்டையா, கறுப்பா, கனமா கல் கிடைச்சது. எரிமலைக் கல்தானே?

மாதம் ஒருவராவது வாட்ஸ்அப்பில் இந்தப் படத்தை அனுப்புகிறார்கள். ஈரோடு, கரூர், சேலம் பக்கமிருந்து வந்தால் அது பெரும்பாலும் இரும்புக் கிட்டம், பழங்காலத்தில் இரும்பு உருக்கியபோது கழித்துக் கொட்டிய கசடு. அதிலும் வாயு தப்பித்த குமிழி ஓட்டைகள் இருக்கும், ஒரு பக்கம் வழிந்து உறைந்த மடிப்பு இருக்கும். லாவா மாதிரியே தெரியும். நுரைக்கல்லாக இருந்தால் கையில் லேசாக இருக்கும், கிட்டம் கனக்கும். பக்கத்தில் சுட்ட மண்குழாய்த் துண்டோ கரியோ கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஏமாற்றம் அடையாதீர்கள், எனக்கு அது எரிமலைக் கல்லைவிடக் குறைந்ததில்லை. நொய்யல் கரையில் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பு உருக்கியவர்கள் அப்படித்தான் விட்டுப்போனார்கள். அங்கே இருக்கும்போதே ஒரு ஸ்கேலோ பேனாவோ பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், கல்லைப் பெயர்க்காதீர்கள், இடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்டத் தொல்லியல் அலுவலரிடம் சொல்லுங்கள். எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.